பதிவேட்டில் யார் பெயர்?

(செங்கல்பட்டில் திருச்சபை இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா கோபித்துக்கொள்வார்.

திருச்சபையில் தலைமை பற்றிப் பேசச் சொன்னார்கள். பேராயர் தேர்தல், சினாட் வழக்குகள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதெல்லாம் யூடியூபில் நிறையவே கிடைக்கிறது. நான் பேசப்போவது ஆயர் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி. சபைப் பதிவேடு. கிராமத்துச் சபையில் யார் பேசலாம், யார் கை தூக்கலாம் என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்கிறது.

இந்த மாவட்டத்தில் அந்த நோட்டுக்கு ஒரு கதை உண்டு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதார் விடுவதில்லை என்பதை அரசாங்கத்தின் கண்ணில் படும்படி எழுதினார். அதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மிஷனரிகள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் இருக்கும் மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்புதான்.

அன்றைக்குப் பதிவேட்டில் பெயர் எழுதுவது ஞானஸ்நானத்தோடு நிற்கவில்லை. நமக்காக மனு எழுத ஓர் ஆள் கிடைத்தார் என்பதும் அதில் இருந்தது. 'சோற்றுக் கிறிஸ்தவர்கள்' என்று கேலி செய்தவர்கள் உண்டு. நிலம் கேட்டவன் பசி பொய்யா என்ன?

இப்போது அதே நோட்டுக்கு வருவோம்.

ஒரு குருசேகரத்தில் டவுன் சபை ஒன்று, கிராமச் சபைகள் நாலைந்து இருக்கும். டவுன் சபையில் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள். மாதம் பிறந்தால் சந்தா கட்டிவிடுவார்கள். மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் கல் தூக்குகிறவரும், ஈசிஆர் ரிசார்ட்டில் அறை கூட்டும் அக்காவும் வேலை இருக்கிற மாதம் கட்டுவார்கள். சந்தா பாக்கி என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. கமிட்டிக்கு நிற்கவும் முடியாது. என் அம்மா இருபது வருஷம் கோயில் பெருக்கியவர். உடம்பு முடியாமல் படுத்த வருஷம் ஐந்து மாதச் சந்தா நின்றது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன். இப்போதும் அங்கேதான் போகிறோம். அவர்தான் பெருக்குகிறார்.

இங்கே சபையார் பெரும்பாலும் நம் மக்கள்தான். அதனால் 'நம்ம சபையில சாதி இல்ல' என்று சொல்வது சுலபம். சாதி, சந்தா பாக்கியாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மாட்டோம்.

இன்னொன்று சொல்லச் சங்கடமானது, ஆனால் இந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நம்மில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்தத் தடையை நீக்கச் சொல்லிவிட்டது, நீங்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்சி சான்றிதழ் மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் சரியென்றது. அவருடைய ஞானஸ்நானப் பதிவும் அந்த வழக்கில் சாட்சியாக வந்து நின்றது.

இதைப் படித்த பையன் திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுப்பானா? பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பான், கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவான், பதிவேட்டுக்கு மட்டும் வர மாட்டான். அவனைக் கோழை என்று பிரசங்கம் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அவன் ஹாஸ்டல் ஃபீஸை நீங்கள் கட்டுவீர்களா? ஆக, ஏழைக்குப் பணத்தால் ஓட்டு இல்லை, படிக்கிறவனுக்குச் சட்டத்தால் ஓட்டு இல்லை. மிச்சம் இருப்பவர்கள் கூடி கமிட்டி அமைக்கிறார்கள். அந்தக் கமிட்டி டைல்ஸ் பற்றியும் மணிக்கூண்டு பற்றியும் பேசுவதில் என்ன ஆச்சரியம்?

1994 அக்டோபர் 10. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் பைபிளிலிருந்து, ஒரு பெயர் திருப்பதி மலையிலிருந்து. குண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். சான்றிதழுக்குத்தான் வேறு வேறு. அன்றைக்குச் சென்னைப் பேராயராக இருந்தவர் தலித் இறையியலுக்காக உலக அரங்குகளில் பேசிய அசரியா. உச்சியில் நமக்குக் குரல் இருந்தது. ஆனால் நம் கமிட்டிகளின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பாருங்கள், நிலம் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று. கோயில் நிலத்துக்குக் காம்பவுண்டு போடும் தீர்மானம் கணக்கில் சேராது.

அறுப்பின் பண்டிகை நடத்துகிறோம். ஏலத்தில் பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. அது கடையில் வாங்கி வந்த பூசணி. அறுக்க நமக்கு நிலம் எங்கே? ஓஎம்ஆர் பக்கமும் ஈசிஆர் பக்கமும் பிளாட்டாகக் கிடக்கிறது.

சபையை விட்டு வெளியே வாருங்கள் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாராவாரம் நம் சேரி முழுக்கக் கூடுகிற இடம் வேறெது இருக்கிறது?

கூலி வேலை செய்கிறவரின் சந்தா பாக்கியைத் தள்ளுபடி செய்ய ஒரு தீர்மானம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வாக்காளர் பட்டியலைக் கிராமத்தில், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிராமச் சபைக்கும் கமிட்டியில் ஓர் இடம் கேளுங்கள், அதில் பெண்களை நிறுத்துங்கள். உபதேசியாருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்று கணக்கு கேளுங்கள். தொகையைக் கேட்டால் வெட்கமாக இருக்கும், அதனாலேயே கேளுங்கள். சான்றிதழ் பிரச்சினை கமிட்டியில் தீராது, அது தில்லியில் தீர வேண்டியது. ஆனால் பதிவேட்டுக்கு வராத பிள்ளையைக் கூட்டத்தில் உட்காரவிடுவதும் பேசவிடுவதும் நம் கையில் இருக்கிறது.

என் ஊரின் அ பதிவேட்டு நகல் கொண்டுவந்திருக்கிறேன். டி.சி. நிலம் என்று குறித்திருக்கும் சர்வே எண்களைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். உங்கள் ஊருக்கு எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு உட்காருவோம்.