ஜீரணப் பொடியும் ஆட்டிசப் பிள்ளையும்

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது ஒரு புட்டியைப் பற்றியும் ஒரு பையனைப் பற்றியுமாகும். முதலாவதாக, நாம் செய்த ஒரு தப்பிதத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

நமது தையற்காரத் தோழர் ஒருவருக்கு ஆறு வயதில் ஒரு பையன் இருக்கிறான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. மதியிறுக்கம் என்றும் அதைச் சிலர் எழுதுகிறார்கள். அவனுக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வெறும் இட்லியைத் தவிர வேறெதையும் வாயில் வைப்பதில்லை. அவனுக்காகத் தாயத்து, மந்திரிப்பு, நேர்த்திக்கடன் எல்லாம் செய்து பார்த்தார்கள். நமது பேச்சைக் கேட்டு அத்தோழர் தாயத்தை அறுத்தெறிந்தார். பிறகு ஒருநாள் ஒரு புட்டியைக் கொண்டுவந்து, “இது ஜீரணத்துக்கான என்சைம் பொடி. இதைக் கொடுத்தால் ஆட்டிசம் குறையுமாம். மாதம் 3,500 ரூபாய் ஆகிறது. கொடுக்கலாமா?” என்று கேட்டார். நாமோ புட்டியின் மேலிருந்த இங்கிலீஷைப் பார்த்துவிட்டு, “தாயத்தை விட்டு மருந்துக்கு வந்தீர்களே, அதுவே போதும், கொடுங்கள்” என்று சொல்லிவிட்டோம்.

ஐந்து மாதம் கழித்து அவ்வீட்டு அம்மையார் நம்மைக் கேட்டார்: “அண்ணே, தாயத்து இருபது ரூபாயோட போச்சு. இது மாசாமாசம் வாங்குது. பையனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போக இப்போ பஸ்ஸுக்குக்கூட காசில்லை. ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

தோழர்களே! இத்தனை வருஷம் மேடையேறிய நமக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகே, தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். அதைத்தான் இப்போது சொல்லுகிறோம்.

என்சைம் என்பது என்ன? தமிழில் நொதி என்கிறார்கள். தின்ற உணவை உடைத்து உடம்பில் சேரும்படி செய்யும் பொருள் அது. எச்சிலிலும், இரைப்பையிலும், கணையத்திலும், சிறு குடலிலும் அது இருக்கிறது. முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டைப் போடுகிறீர்களே, அந்தக் காயின் பாலில் இருப்பதும் ஒரு என்சைம்தான். ஆகவே என்சைம் பொய்யல்ல. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் குறைந்தவருக்கு அந்த என்சைமைக் கொடுத்தால் வயிற்றுப் பொருமல் குறைகிறது. கணையம் வேலை செய்யாத பிள்ளைகளுக்குப் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம் உயிரைக் காக்கிறது. இல்லாததைக் கொடுத்தால் பிரயோஜனம் உண்டு. ஆனால் இந்தப் பையனுக்கு எது இல்லையென்று யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை.

விற்கிறவர்கள் சொல்லும் காரணம் என்ன? கோதுமையிலும் பாலிலுமுள்ள புரதம் அரைகுறையாகச் செரித்து, அந்தத் துணுக்குகள் குடலிலிருந்து கசிந்து மூளைக்குப் போய் அபினைப்போல மயக்குகின்றனவாம், அதனால்தான் ஆட்டிசமாம். அப்படியானால் அத்துணுக்குகள் சிறுநீரில் அகப்படவேண்டுமல்லவா? 2008-ல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சியொன்றில் ஆட்டிசமுள்ள 65 பையன்களின் சிறுநீரைச் சோதித்தார்கள், அத்துணுக்குகள் அகப்படவில்லை. அதுவும் போகட்டும். நம் தோழரின் பையன் கோதுமையையும் பாலையும் தொடுவதே இல்லையே! இட்லி மட்டும் தின்னும் பிள்ளைக்குக் கோதுமையை உடைக்கும் பொடி எதற்கு? இந்தக் கேள்வி நமக்கும் அப்போது தோன்றவில்லை.

“காரணம் கிடக்கட்டும், கொடுத்தவர்கள் குணம் தெரிந்தது என்கிறார்களே” என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம்.

கணையத்தைச் சுரக்கத் தூண்டும் செக்ரெடின் என்ற சுரப்பு ஒன்று உண்டு. வயிற்றுச் சோதனைக்காக அதை ஊசி வழியே ஏற்றிய மூன்று ஆட்டிசப் பிள்ளைகள், சில வாரங்களில் கண்ணைப் பார்க்கவும் பேசவும் தொடங்கினதாக 1998-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். தொலைக்காட்சியில் அச்செய்தி வந்ததும், ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் அந்த ஊசிக்கு அலைந்தார்கள். 1999-ல் வேறு வைத்தியர்கள் 60 பிள்ளைகளைத் திருவுளச்சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குச் செக்ரெடினும் பாதிப்பேருக்கு உப்புத் தண்ணீரும் ஏற்றினார்கள். எது யாருக்கு என்பது பெற்றோருக்கும் தெரியாது. பார்த்துக் குறித்தவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், செக்ரெடின் பெற்றவர்களிடம் குணம் தெரிந்தது. உப்புத் தண்ணீர் பெற்றவர்களிடமும் குணம் தெரிந்தது! அதாவது குறிப்பிடும்படியான வித்தியாசம் யாதொன்றுமில்லை.

இதில் யாராவது பொய் சொன்னார்களா? இல்லை. பிள்ளை என்றால் வளர்கிறது. ஆட்டிசப் பிள்ளையும் வளர்கிறது. ஒரு மாதம் மோசம், ஒரு மாதம் தேவலை. மிக மோசமான மாதத்தில்தான் நாம் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம். அடுத்த மாதம் தானே தணிவதை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இன்னும் கேளுங்கள்: பலனில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகும், அப்பெற்றோரில் நூற்றுக்கு 69 பேர் செக்ரெடின் மேல் ஆசை விடவில்லை! அவர்களை நாம் பரிகசிக்கப் போவதில்லை. பெற்ற வயிறு அப்படித்தான். அந்த ஆசையை விலை பேசுகிறவர்களைத்தான் கண்டிக்கிறோம்.

நிற்க, என்சைம் பொடியையே பரீட்சித்துப் பார்த்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 43 பிள்ளைகளுக்கு ஆறு மாத காலம் பொடியையும் போலிப் பொடியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். உண்ணும் பதார்த்த வகை மட்டும் கொஞ்சம் கூடிற்று. மற்றபடி நடத்தையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. 2015-ல் எகிப்தில் 101 பிள்ளைகளைக் கொண்டு செய்த பரீட்சையில் பலன் உண்டு என்று எழுதினார்கள். இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். நமக்குப் பிடித்ததை மட்டும் சொன்னால், தல புராணம் படிக்கிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள் என்பதே நமது பேச்சு.

“கொடுத்தால் கெடுதி என்ன?” என்றும் கேட்பார்கள். கணையக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு அளவு மீறி என்சைம் கொடுத்ததில் பெருங்குடல் சுருங்கிப்போனதை 1994-ல் இங்கிலாந்து வைத்தியர்கள் கண்டார்கள். ஆகவே அளவில்லாமல் எதுவும் சாதுவல்ல. அந்தப் புட்டியைத் திருப்பிப் பார்த்தோம். ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று’ என்று சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தது! விற்கிறவன் வாய் ஒன்று சொல்லுகிறது. அவன் புட்டி வேறொன்று சொல்லுகிறது.

அப்படியானால் ஆட்டிசப் பிள்ளையின் வயிற்றைக் கவனிக்கவே வேண்டாமா? அவசியம் கவனிக்கவேண்டும். இப்பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்று வலியும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். வாய் பேசாத பிள்ளை ‘வயிறு வலிக்கிறது’ என்று எப்படிச் சொல்லும்? சுவரில் தலையை முட்டித்தான் சொல்லும். நமது தோழரின் பையனும் இரவெல்லாம் அப்படித்தான் முட்டிக்கொண்டிருந்தான். ‘ஆட்டிசம் முற்றுகிறது’ என்று பயந்து பொடியைக் கூட்டினார்கள். கடைசியில் குழந்தை வைத்தியரிடம் காட்டினால், பல நாளாக மலம் கட்டிக் கிடந்தது. சொற்ப விலை மருந்தில் அது இளகிற்று, முட்டுவதும் நின்றது. வலி போயிற்று; ஆட்டிசம் போகவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

பொடியை வைத்தியர் சொல்லி நிறுத்தினார்கள். பையன் முன்போலவே இருக்கிறான், கெட்டுப்போகவில்லை. அந்தப் பணம் இப்போது பயிற்சிக்குப் போகும் பஸ்ஸுக்கு ஆகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் பசித்தால் இட்லிப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறான். அதற்கு நான்கு மாதம் பிடித்தது; எந்தப் புட்டியிலிருந்தும் அது வரவில்லை.

ஆகவே தோழர்களே! 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடத்தில் இடம் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. எவரேனும் ஒரு புட்டியை நீட்டினால், “என் பிள்ளைக்கு எது குறைவென்று பார்த்தீர்? போலிப் பொடியோடு ஒப்பிட்டுப் பார்த்தீரா?” என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நாம் சொன்னாலும் கேளுங்கள். அன்று அத்தோழர் நம்மைக் கேட்டிருந்தால், பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாயும், அதைவிடப் பெரிதாக அப்பையனின் ஐந்து மாதமும் மிஞ்சியிருக்கும்.

அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு, தாமதமானாலும், இதுவே நமது பதில்.