வலிய புறங்கையை எதிர்த்து நிற்பது எப்படி?

(தலவாக்கலையில் இளைஞர் முன் நிகழ்த்திய உரை)



மேசைப்பந்தாட்டத்தில் நம்மிலும் வலியவரை, அதிலும் பேக்ஹேண்ட் எனும் புறங்கை அடியில் வல்லவரை எதிர்கொள்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். தோட்டத்திலிருந்து செல்லும் நம் பிள்ளைகள் நகரத்து ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டதுமே பாதி தோற்றுவிடுகிறார்கள். மட்டையைத் தொடுமுன் வரும் இந்தத் தோல்வியையே முதலில் ஒழிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஆசியப் போட்டி நடைபெற்றது. ஜப்பானின் ஹரிமோட்டோ புறங்கை அடிக்கு உலகப் புகழ் பெற்றவர். அவரைச் சென்னையின் ஜி. சத்தியன் குழுப் போட்டியில் 3-0 என வென்றார். அன்று இந்தியக் குழு தோற்றது உண்மையே. ஆயினும், உலகின் முன்னணி வீரரையும் நம்மவர் வெல்லலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

இனி வழிகளைப் பார்ப்போம். இருவரும் வலக்கை ஆட்டக்காரர் என்று கொள்வோம்.

முதலாவது, புறங்கைக்குப் புறங்கை என்று மூலைக்கு மூலை அடித்துக்கொண்டிருத்தல் கூடாது. அது அவருடைய வீட்டு முற்றம். மேசையின் நீளம் 274 சென்டிமீட்டர். மூலைவிட்டமோ ஏறத்தாழ 314. ஆகவே நம் புறங்கையிலிருந்து நேர்க்கோட்டில் அவருடைய முன்கைப் பக்கம் செல்லும் பந்து அவருக்குக் குறைந்த நேரமே அளிக்கும். ஆனால் அடித்தவுடன் நாம் வலப்புறம் நகர வேண்டும். அவர் விடை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

இரண்டாவது, அவருடைய வலது இடுப்பைக் குறிவையுங்கள். முன்கையா புறங்கையா என்று தடுமாறும் இடம் அது. புறங்கையை நம்புகிறவர் நடுப்பந்தையும் அதனாலேயே எடுக்க முயல்வதால், அந்த இடம் அவருடைய வலப்பக்கமாகச் சற்று விலகி இருக்கும்.

மூன்றாவது, சேர்விஸ். அவருடைய முன்கைப் பக்கம் வலைக்கருகே குட்டையாகப் போடுங்கள். அங்கும் புறங்கையால் எடுக்க அவர் தாவி வந்தால், இடது மூலை வெறுமையாகும். அடுத்த பந்து அங்கே நீளமாகச் செல்லட்டும். வலிய பக்கத்தையும் தக்க வேளையில் தாக்கலாம் என்பதை மறவாதீர்.

நான்காவது, வேகத்திற்கு வேகம் கொடாதீர். நம் வேகத்தையே அவர் நமக்குத் திருப்பித் தருவார். தாழ்வாக, கீழ்ச்சுழல் மிகுந்த பந்தும், மெதுவாக ஆழ்ந்து விழும் பந்தும் மாறி மாறிச் செல்லட்டும். கொழுந்தெடுக்கும் நம் தாய்மார் செடி முழுவதையும் பறிப்பதில்லை. தக்கதைத் தெரிந்தே எடுக்கிறார்கள். நாமும் எல்லாப் பந்தையும் அடிக்க முற்படலாகாது.

இளைஞர்களே! 11 புள்ளி ஆட்டம் விரைவில் முடிந்துவிடும். தடுமாறினால் ஒரு முறை கேட்கக்கூடிய ஒரு நிமிட ஓய்வைத் தயங்காது கேளுங்கள். மேசையில் இடுப்புக்கு நேரான இடத்தையும் இரு மூலைகளையும் காகிதத் துண்டால் குறித்து, நாள்தோறும் 50 பந்து அடித்துப் பழகுங்கள். பெரியோர்களே, பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அதுவே நீங்கள் அளிக்கக்கூடிய பெரும் உதவி.