கூடி எழுதும் கொப்பி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் இக்கல்லூரியில் படித்து, இங்கேயே கற்பிக்கத் திரும்பியவர்கள். எங்கள் காலத்தில், பாடசாலைக்கு வராத தோழிக்குக் கொப்பியை இரவல் கொடுப்போம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதற்கும் வழியில்லாமற் போயிற்று. குறிப்புகளைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆனால், பிள்ளைகளுக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பதை அறிய முடியவில்லை.

அதன்பின்னரே பகிரப்பட்ட மின்கொப்பியைக் கைக்கொண்டோம். மைக்ரோசொப்ட் ஒன்நோட்டின் வகுப்புக் கொப்பியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவதில் ஆசிரியர் எழுதுவார், மாணவிகள் வாசிப்பார்கள். இரண்டாவது ஒவ்வொரு மாணவிக்கும் தனித்தனியாக உரியது; மற்றைய மாணவிகள் அதைப் பார்க்க முடியாது. மூன்றாவதில் எல்லோரும் எழுதலாம். இணைப்பு இல்லாத வேளையிலும் செயலியில் எழுதி வைக்கலாம். இணைப்புக் கிடைத்ததும் அது ஏனையோரைச் சென்றடையும். 2022இன் நீண்ட மின்வெட்டு நாட்களில் இந்த வசதி பெரிதும் கைகொடுத்தது.

முதற்பகுதியை மட்டும் பயன்படுத்தினால் அது குறிப்பு வழங்கும் இன்னொரு வழி, அவ்வளவுதான். உண்மையான பயன் மூன்றாவதிலேயே இருக்கிறது. உயர்தர இரசாயனவியலில் ஒரு கணக்கை மூவருக்குக் கொடுக்கிறோம். ஒருத்தி சமன்பாட்டை எழுதுகிறாள். அடுத்தவள் மூல் எண்ணிக்கையைக் கணிக்கிறாள். மற்றவள் அலகு பிழைத்த இடத்தைச் சுட்டுகிறாள். விடையோடு, அதற்கு வந்த வழியும் தெரிகிறது. வகுப்பில் கையுயர்த்தக் கூசும் பிள்ளையும் அங்கே எழுதுகிறாள். ஒருத்தியே எல்லாம் எழுத மற்றவர்கள் பார்த்திருக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே, ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை முன்கூட்டியே வகுத்துக் கொடுக்கிறோம். யார் எழுதினார் என்பதைக் கொப்பியே காட்டுவதால், எவருக்கு உதவி தேவை என்பதும் எங்களுக்குப் புலப்படுகிறது.

சகோதரிகளே, கணினிகளை அன்பளிப்பாகத் தருகிறீர்கள், நன்றி. எனினும், ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிடும் வீடுகள் இன்றும் உள்ளன. அந்தப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை விட்டபின் கணினி அறை ஒரு மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். ஊரிலிருப்போர் முறைவைத்து வந்து அந்த ஒரு மணி நேரத்தைத் தாருங்கள். தூரத்திலிருப்போர் இணையக் கட்டணத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையேனும் அந்தக் கொப்பிக்கு வெளியே நிற்காதிருக்க நாம் எல்லோரும் கைகொடுப்போம்.