ஊசி மருந்து எங்கே போகிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊசி என்றதும் ஓடி ஒளியும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். “போட்டாச்சு, வேலை முடிஞ்சுது” என்று நாம் நினைக்கிறோம். சில மருந்துகளுக்கு வேலையே அதன் பிறகுதான் தொடங்குகிறது.

வாதக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வையே கெடுத்துவிடும் நோய் அது. மறுபடி வராமலிருக்க, பென்சத்தீன் பென்சிலின் ஊசியை 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, பல ஆண்டுகள் போடுவார்கள். வாயில் அடக்கிய கற்கண்டுபோல் அம்மருந்து தசைக்குள் தங்கி, மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கும். நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அடிக்கடி கிளினிக்குக்கு அலையும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால், தசைக்குப் போட்ட ஊசி தசைக்குத்தான் போகிறதா? அயர்லாந்தில், டப்ளின் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்து 2005-ஆம் ஆண்டு முடிவை அறிவித்தார்கள். 50 நோயாளிகளுக்குப் பிட்டத்தில் சாதாரண ஊசி போடும்போது, மருந்தோடு 1 மில்லிலிட்டர் காற்றையும் செலுத்தி, சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். காற்றுக் குமிழி தெரிந்த இடமே மருந்து போய்ச் சேர்ந்த இடம். என்ன தெரிந்தது? 16 பேருக்குத்தான் மருந்து தசையில் இருந்தது. 25 பெண்களில் இருவருக்கு மட்டுமே! மற்றவர்களுக்குத் தோலடிக் கொழுப்பிலேயே நின்றுவிட்டது. ஊசி போட்டவரைக் குறை சொல்ல முடியாது. கொழுப்பின் கனத்துக்கு ஊசியின் நீளம் போதவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்?

எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் கபோடெக்ராவிர் என்ற மருந்தை இப்போது 2 மாதங்களுக்கு ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள். போட்ட பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஓராண்டுக்கு மேலும் உடலில் தங்கக்கூடும். அதனால்தான் எலிகளுக்கு இம்மருந்தைப் போட்டு, அது எப்படிப் பரவுகிறது, எப்படிக் குறைகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்களில் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு மாத ஊசி என்றால், “நல்லாத்தானே ஓடி விளையாடுறான்” என்று தவணையைத் தள்ளிப் போடாதீர்கள். அவன் ஓடுவதற்குக் காரணமே உள்ளே கரையும் அந்த மருந்தாக இருக்கலாம். அது தீருவது நம் கண்ணுக்குத் தெரியாது.

மாணவர்களே, “எங்கே போகுது?” என்ற சின்னக் கேள்விதான் இத்தனையையும் காட்டிக் கொடுத்தது. பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் கேள்வி கேட்கப் பழகுங்கள்.