திறக்க மறுக்கும் கோப்பு

கணினியிற் பேணி வைத்த கோப்பொன்று ஒருநாள் திறக்க மறுக்கின்றது. அது பழுதாயிற்றென்று கருதிச் சிலர் அதனை அழித்தும் விடுகின்றனர். ஆயினும், பல வேளைகளிற் கோப்பு நலமாகவே இருக்கும். கணினி காட்டும் மறுமொழியை ஊன்றி வாசித்தால், குறை எதுவென்பது புலனாகும்.

“இதனை எதனால் திறப்பது?” என்று கணினி வினவுமாயின், குறை வழி தெரியாமையே. விண்டோஸ் இயங்குதளம், கோப்பின் பெயரிற் புள்ளிக்குப் பின்வரும் ஈற்றெழுத்துகளைக் கொண்டே உரிய செயலியைத் தெரிவு செய்கின்றது. அத்தொடர்பு பிறழுமாயின், சுட்டியின் வலப்பொத்தானைக் கோப்பின்மீது அழுத்தி, தக்க செயலியைத் தெரிந்து, என்றும் அதனையே பயன்படுத்துமாறு பணித்தல் போதும். ஈற்றெழுத்தை மாற்றி எழுதுவதாற் பயனில்லை. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை.

இவ்வீற்றெழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கின்றது. அதனால் விளைந்த கேட்டினை உலகம் 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் கண்டது. காதற் கடிதமென்ற பெயரோடு மின்னஞ்சலில் வந்த கோப்பு, வெறும் எழுத்துக் கோப்பாகவே தோன்றிற்று. உண்மையில் அது ஒரு நச்சு நிரல். திறந்தவர்களின் படக் கோப்புகள் பல அழிந்தன. ஆதலின், ஈற்றெழுத்து கண்ணுக்குத் தெரியும்படி அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

“அனுமதி இல்லை” என்று கணினி கூறுமாயின், குறை வேறு. கோப்பின் உரிமையாளரைக் கணினி அடையாள எண்ணாலேயே அறிகின்றது. பழைய கணினியின் வட்டைப் புதியதிற் பொருத்தும்போது, ஆள் ஒருவரேயாயினும் எண் வேறாகின்றது; தம் கோப்புக்கே அவர் அந்நியராகின்றார். நிருவாகியின் அதிகாரத்தோடு புகுந்து, அக்கோப்பின் பாதுகாப்பு அமைப்பில் உரிமையாளரை மாற்றி, உரிய அனுமதியையும் வழங்கினால், மறைகுறியாக்கம் செய்யப்படாத கோப்புத் திறக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வனுமதி எண்களாற் குறிக்கப்படும். வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்ற மூவருக்கும் இவற்றின் கூட்டுத்தொகை தனித்தனியே அமையும். 644 எனின், உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் கூடும். மற்றையோர் வாசிக்க மட்டுமே கூடும். கோப்புத் திறக்கவில்லையென்ற அவசரத்தில் 777 என்று எல்லார்க்கும் எல்லாம் வழங்குவோர் உளர். அது வீட்டுத் திறப்பை வாயிலில் தொங்கவிடுவதை ஒக்கும்.

வழி தெரியாத கணினிக்கு வழி காட்டுதல் வேண்டும். வாயில் காக்கும் கணினிக்கு உரியவர் யாரென்று உணர்த்துதல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர், நல்ல கோப்பை வீணே அழிக்கமாட்டார். நல்ல பூட்டை வீணே உடைக்கவுமாட்டார்.