தேய்ந்த ஆயில் எஞ்சினைப் புதுப்பிக்கும் முன்



தாம்பரத்தைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகிவிட்டன. எனினும் மாடம்பாக்கம், அகரம்தென் பக்கம் கிணற்றடியில் பழைய ஆயில் எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒரு சொல்.

எஞ்சின் நீலப்புகை விடுகிறதா? மசகு எண்ணெய் அடிக்கடி குறைகிறதா? கைப்பிடியால் சுற்றும்போது முன்போல் கனக்கவில்லையா? சிலிண்டரில் அழுத்தம் நிற்கவில்லை என்று கொள்ளலாம். ‘ரிங் மட்டும் மாற்றினால் போதும்’ என்பார்கள். லைனர் தேய்ந்திருந்தால் அது வீண் செலவு; கதிர் வரும் நேரத்தில் எஞ்சின் மறுபடி படுத்துவிடும்.

ஆகவே அளந்து பாருங்கள். லைனரின் மேற்பகுதியே அதிகம் தேயும். அடிப்பகுதி அவ்வளவாகத் தேயாது. புது ரிங் ஒன்றை லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிறுத்துங்கள். ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் முதலில் அடியில் அளக்கவும். பிறகு மேலே, தேய்ந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றால் வகுத்தால் லைனரின் விட்டம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது ஏறக்குறையத் தெரியும். வேறுபாடு 0.6 மி.மீ. என்றால் தேய்மானம் 0.2 மி.மீ. கையேட்டில் உள்ள வரம்பை அது தாண்டினால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பூட்டிய பின் முதல் சில மணி நேரம் முழுச்சுமை கொடுக்காமல் ஓட்டி, மசகு எண்ணெயை மாற்றிவிடுங்கள். காற்று வடிகட்டியைக் கழுவ மறக்காதீர்கள். பழைய லைனரைத் தின்றது பெரும்பாலும் அதன் வழியே புகுந்த புழுதியாகத்தான் இருக்கும்.