அவனீந்திரரின் மரத்துண்டுகள்

அவனீந்திரநாத் தாகூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1905-இல் அவர் வரைந்த 'பாரத மாதா' ஓவியம். ரவீந்திரரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வங்காள ஓவிய மரபைத் தொடங்கிவைத்தவர். ஆனால் இன்று நான் பேச வந்தது, முதுமையில் அவர் ஆசை ஆசையாகச் செய்த மர உருவங்களைப் பற்றி. 'குட்டும் காட்டாம்' என்பது அவற்றின் செல்லப் பெயர்.

ஒடிந்து விழுந்த சுள்ளி, காய்ந்த வேர், மூங்கில் துண்டு, அடுப்புக்குக்கூடத் தேறாத கட்டை. இவைதான் மூலப்பொருள். ஒரு கவட்டைக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் பிடித்தால் இரண்டு கால்கள் தெரியும். முறிந்த முனையில் நார் பிரிந்து நின்றால் அது கொண்டை. கணு இருக்கும் இடம் கண். பறவை ஏற்கெனவே வந்துவிட்டது. நிற்பதற்கு ஓர் அடிக்கட்டையும், எங்கேனும் ஒரு சின்னச் சீவலும் போதும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். இந்தக் கலையில் மிகக் கடினமான வேலை அதுதான். இன்னும் கொஞ்சம் செதுக்கலாமே என்று உளி துறுதுறுக்கும். செதுக்கினால் கிளையும் போய்விடும், பறவையும் போய்விடும். வார்னிஷ் பூசி, கண்ணாடிக் கண் ஒட்டிக் கடைகளில் விற்கும் வேர்ச் சிற்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிப்பது இதனால்தான்.

வயதான காலத்துப் பொழுதுபோக்கு என்று இவற்றை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1903-இல் யோகோயாமா தைக்கான் முதலிய ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களது முறையைப் பார்த்து, வரைந்த தாளை நீரில் நனைத்து, மறுபடி வண்ணமிட்டு, மறுபடி நனைக்கும் ஒரு வழியை அவனீந்திரர் உருவாக்கிக்கொண்டார். வண்ணம் எங்கே தங்கும், எங்கே கரையும் என்பதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. பொருளின் போக்குக்கு இடம் கொடுக்கும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் மரத்துண்டின் முன்னும் அவர் கையை நிறுத்தியது என்பது என் துணிபு. அவர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவரும்கூட; 'க்ஷீரேர் புதுல்' வங்கத்தில் இன்றும் பிள்ளைகள் படிக்கும் புத்தகம். ஒரு வளைந்த குச்சி கூன் விழுந்த கிழவராக நடக்கத் தொடங்குவது அப்படிப்பட்ட மனத்தில்தான்.

அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு. மாணவரின் அந்த வெண்கலத்துக்குத் தரும் மதிப்பை ஆசிரியரின் சுள்ளிகளுக்கும் நாம் தரவேண்டும். படத்தில் பார்த்து இவற்றை எடைபோடாதீர்கள். ஒரு பக்கம் பறவையாக இருப்பது, சுற்றி வந்து பார்த்தால் மறுபக்கம் வெறும் கிளையாகவே இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.